சிவப்பு விளக்கும் இரண்டு மணிச் சங்கும்

ஒச்சம்மாள் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அவள் பயந்துகொண்டேதான் இருக்கப்போகிறாள்; படிக்கிறவர்கள் தொடைநடுங்கி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனையூர் வீட்டுக்குள் நட்டுவாக்காலி வந்தால் அவள் புருஷன் சங்கிலி கட்டிலில் ஏறி நின்றுகொள்வான். விளக்குமாற்றை எடுப்பது அவள்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கேட்டு நின்றபோது, "ஒங்க ஆளுகளுக்கு டீச்சர் டிரெய்னிங் போதாதாம்மா?" என்று கேட்ட ஆபீஸ்காரரை, "போதும்னு சொல்ல நீங்க யாரு சார்?" என்று திருப்பிக் கேட்டவள் அவள். அவளுடைய அம்மா முனியாயி அந்த நேரத்தில் அலங்காநல்லூர்ப் பக்கம் யாருடைய வயலிலோ நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். மகள் பேசியது காதில் விழுந்திருந்தால் வரப்பிலேயே மயங்கி விழுந்திருப்பாள்.

எண்பத்தாறாம் வருடம் ஒச்சம்மாள் விளாங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திண்டுக்கல் ரோட்டோரம் ஒரு உரக்கடை, அதற்கு மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். முதலாளி கருத்தக்கண்ணன் பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரிலேயே செய்து காட்டுகிறேன் என்று திரும்பி வந்தவர். மில்களுக்கு வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுத்தார்கள். பெட்டியை மற்றவர்கள் செய்தார்கள். அதற்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது ஒச்சம்மாள். கம்பி வழியாக வரும் சேதியை எப்போது வாங்குவது, எந்த வேலையை நிறுத்திவிட்டு எதைப் பார்ப்பது, பதிலை யாருக்கு முதலில் அனுப்புவது எல்லாவற்றையும் அவளே அடியிலிருந்து கட்டினாள். பெரிய கம்ப்யூட்டர்களில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருக்கிறதே, அதன் கைக்குழந்தை இது என்று கருத்தக்கண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அலங்காநல்லூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லுக்கு அப்படி ஒரு பெட்டி தேவைப்பட்டது. அப்போது கரண்டுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம்களை எல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டினால் அனுமதித்த அளவுக்கு மேல் இழுத்துவிடும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதற்கு சூப்பர்வைசர் அறையில் ஒரு தாய்ப்பெட்டி வைத்தார்கள். அதன் ஸ்டார்ட் பொத்தானை ஒரு முறை அமுக்கினால் ஃபிரேம்கள் வரிசையாகக் கிளம்பும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு சின்னப் பெட்டி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேபிள்.

சின்னப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஃபிரேமின் தலைப்பக்கம் பல்சக்கரங்கள் இருக்கும். அதில் பஞ்சு சுற்றிக்கொண்டால் ஃபிட்டர்தான் கையை விட்டு எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் பொத்தானை அமுக்குவான். 'என்னைப் பூட்டு' என்று தாய்ப்பெட்டிக்குச் சேதி போகும். அது பூட்டிக்கொண்டு பதில் அனுப்பினால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்துவிட்டால் யார் எங்கிருந்து ஸ்டார்ட் அமுக்கினாலும் அந்த ஃபிரேம் ஓடாது. அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள் ஒச்சம்மாள்.

பெட்டி வருவதற்கு முன்பு ஃபிட்டர்கள் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மடியில் கட்டை இருக்கிறவரை எமனே வந்து அமுக்கினாலும் மெஷின் அசையாது. மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. கட்டையை மடியில் வைத்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுகிறார்களாம், உற்பத்தி கெடுகிறதாம். பெட்டி வந்த அன்றே பியூஸ் போர்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இனி சிவப்பு விளக்கை நம்புங்கள் என்றார். நம்பிக் கையை விட வேண்டியவர்களில் ஒருவன் சங்கிலி. ஆம், ஒச்சம்மாளின் புருஷன்தான். அவள் கட்டிய பூட்டுக்குள் அவன் கை தினமும் போய் வந்தது.

வைகாசியில் ஒரு நாள் சங்கிலி சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தான். ஒச்சம்மாளுக்கு உயிரே போய்விட்டது.

"என் ரெத்தம் இல்ல புள்ள, பதறாத" என்றான். "முத்திருளனுக்கு ரெண்டு வெரலு போயிருச்சு. ஏழாம் ஃபிரேம்ல. நான்தான் தூக்கிட்டுப் போயி ஆசுபத்திரில சேத்துட்டு வாரேன்."

முத்திருளன் அவனோடு வேலை பார்க்கும் ஃபிட்டர். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்.

"பூட்டாம கைய வச்சுட்டாரா?"

சங்கிலி சட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தான்.

"பூட்டித்தான் வச்சேன், செவப்பு எரிஞ்சுச்சுன்னு சொல்லுறான். சூப்பர்வைசர் காளை அண்ணன், எப்பவும் போல சங்கு ஊதவும் ஸ்டார்ட்ட அமுக்குனேன், அம்புட்டுத்தான்னு சத்தியம் பண்ணுறாரு."

"நீங்க பாக்கயில வெளக்கு எரிஞ்சுச்சா மாமா?"

"எரிஞ்சுச்சு. ஆனா அடிபட்டதுக்கு அப்புறந்தான அமுக்கியிருப்பான்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வலியில் துடிக்கிறவன் அப்புறமாக ஏன் பொத்தானைத் தேடி அமுக்கப் போகிறான் என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. அவன் முன்பே அமுக்கியிருக்க வேண்டும்; அப்படியென்றால் தப்பு அவள் எழுதியதில்.

மறுநாள் கருத்தக்கண்ணனிடம் சொன்னாள். அவர் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி மாடியில் வைத்துச் சோதித்தார். ஒரு பெட்டியில் அவர் உட்கார்ந்தார், ஒன்றில் அவள். "நீ பூட்டும்மா. பூட்டிட்டியா? இப்ப நான் ஸ்டார்ட் குடுக்குறேன்." ஓடவில்லை. "சரி, இப்ப தெறந்துவிடு." ஓடியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படியே செய்து பார்த்தார்கள். ஒரு முறைகூடத் தவறவில்லை.

"பாத்தியா? நம்ம மேல தப்பில்ல" என்று கருத்தக்கண்ணன் பெருமூச்சு விட்டார். அவருக்கும் பயம்தான். ஆனால் அவருடைய பயம் தப்பில்லை என்று கேட்டதும் அடங்கிவிடுகிற பயம்.

மில்லில் முத்திருளனுக்குக் கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் ஃபிரேமில் முனி இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்ல, காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு சேவலை அறுத்தார்கள். மேனேஜர் கண்டும் காணாததுபோல் இருந்தார். அவருக்கும் ஒரு காரணம் கிடைத்தால் நல்லதுதானே.

ஆனால் ஃபிட்டர்கள் யாரும் ஏழாம் ஃபிரேம் பக்கம் போகவில்லை. சங்கிலியைத்தான் சீண்டினார்கள். "மாப்ள, ஒன் பொண்டாட்டி ஏத்துன வெளக்கு. நீ மொதல்ல கைய வையி, நாங்க பின்னாடி வாரோம்." அவனும் வைத்தான். ஏழாம் ஃபிரேமில் பஞ்சு சுற்றினால் மற்றவர்கள் அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். பொத்தானை அமுக்கி, விளக்கு எரிந்த மறுநொடி, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கையை உள்ளே விடுவான். அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஒச்சம்மாளுக்குச் சோறு கசந்தது.

"கொஞ்ச நேரம் பொறுத்துக் கைய வச்சா என்ன மாமா?"

"பொறுத்தா என்ன சொல்லுவானுக? கட்டுன புருசனே அவ வேலைய நம்பலன்னு சொல்லுவானுக."

"சொல்லட்டும். எனக்கு ஒங்க கைதான் பெருசு."

"நீ பயப்படாத புள்ள. ஒன் வெளக்கு பொய் சொல்லாது."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது அவளுடைய வேலையைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இப்படி நம்புகிறவனை என்ன செய்வது?

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. காற்று வாகாக அடித்தால் மில் சங்கு விளாங்குடி மாடி வரைக்கும் கேட்கும். மதியம் இரண்டு மணிச் சங்கு ஊதும்போது எழுதிக்கொண்டிருக்கும் பேனா அப்படியே நின்றுவிடும். சங்கிலிக்கு அந்தச் சங்கோடு தொடங்கும் இரண்டாம் ஷிப்டு என்றால், அவன் வீட்டுக்கு வருகிறவரை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பாள். தெருமுனையில் சைக்கிள் தெரிந்ததும் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஹேண்டில்பாரில் இரண்டு கையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். வாசலில் தினமும் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் புதுப் பொண்டாட்டி மாதிரி இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மலையம்மாள் கேலி செய்தாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கிலியை உட்காரவைத்துக் கேட்டாள். "முத்திருளன் அண்ணனுக்கு அடிபட்டது சங்கு ஊதுறதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"சங்கு ஊதயிலதான்."

"ஷிப்டு மாறுற நேரத்துல எதுக்கு அவரு ஃபிரேம்ல கைய வச்சாரு?"

சங்கிலி அவளை விநோதமாகப் பார்த்தான். மில்லில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயத்தை இவள் கேட்கிறாளே என்று. முதல் ஷிப்டுக்காரர்கள் சங்குக்குக் கொஞ்சம் முன்பே ஃபிரேமை நிறுத்தி நூல் சுற்றி நிறைந்த பாபின்களைக் கழற்றிவிடுவார்கள். நின்ற மெஷினில் பஞ்சு எடுக்க அதுதான் தோதான நேரம். ஆனால் சங்கு ஊதுகிறவரை அது முந்தின ஷிப்டின் மெஷின். அடுத்த ஷிப்டுக்காரன் அதைத் தொட்டால் அடிதடியாகிவிடும். அதனால் ஃபிட்டர் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு சங்குக்காகக் காத்திருப்பான். அந்தப் பக்கம் புது சூப்பர்வைசரும் ஸ்டார்ட் மேல் விரலை வைத்துக்கொண்டு சங்குக்காகவே காத்திருப்பார். தன்னுடைய ஷிப்டின் உற்பத்தியில் ஒரு நூலும் குறையக் கூடாது அவருக்கு.

"சங்கு ஊதுச்சுன்னா யாரும் யோசிக்கிறதில்ல புள்ள. கை தானா போயிரும்" என்றான் சங்கிலி.

ஒச்சம்மாளுக்கு மாடியில் அவளும் முதலாளியும் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. நீ அமுக்கு, அப்புறம் நான் அமுக்குகிறேன் என்று எவ்வளவு மரியாதையாக மாற்றி மாற்றி அமுக்கியிருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மில்லிலோ, எல்லாரும் சேர்ந்து அமுக்குவதற்காகவே ஒரு சங்கு வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை புரோகிராமை மறுபடியும் எடுத்து, இரண்டு விரலும் ஒரே நேரத்தில் விழுந்ததாக வைத்துக்கொண்டு படித்தாள். தாய்ப்பெட்டி ஏழாம் ஃபிரேம் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறது. பூட்டவில்லை. சரி என்று 'ஓடு' என்ற உத்தரவை எழுதி வரிசையில் வைக்கிறது. கேபிள் ஒன்றுதான், சங்கு நேரத்தில் எல்லா ஃபிரேம்களின் சேதியும் அதில் முண்டியடிக்கும், உத்தரவு தன் முறைக்குக் காத்திருக்கிறது. அந்தச் சமயத்தில் முத்திருளனின் 'பூட்டு' வருகிறது. தாய்ப்பெட்டி பூட்டிக்கொண்டு, 'விளக்கை எரி' என்று பதில் போடுகிறது. அந்தப் பதில் வரிசையில் நிற்காமல் முந்திப் போகும். உயிர் சம்பந்தப்பட்ட சேதி ஆயிற்றே, முந்திப் போகட்டும் என்று அந்தச் சலுகையை வைத்தவள் அவளேதான். விளக்கு எரிகிறது. முத்திருளன் கையை விடுகிறான். அதற்கு அப்புறம்தான், வரிசையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பழைய 'ஓடு' போய்ச் சேருகிறது. கல்யாணம் நின்றுவிட்டது என்று தந்தி முதலில் வந்துவிட, முன்பே தபாலில் போட்ட பத்திரிகை பின்னால் வந்து, அதை நம்பி ஜனங்கள் பஸ் ஏறின மாதிரி.

காகிதத்தில் தெரிந்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். கேபிளின் வேகத்தைக் குறைத்தாள். இல்லாத ஃபிரேம்கள் எல்லாம் இருப்பதுபோல் பொய்ச் சேதிகளை அனுப்பி வரிசையை நெருக்கினாள். கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டில் விரல் வைக்கச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். இருவரும் சேர்ந்து அமுக்கினார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டிக்குள் ரிலே 'டக்' என்று விழுந்தது. மோட்டாருக்குக் கரண்ட் போகிற சத்தம் அது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டே இருந்தது.

கருத்தக்கண்ணன் முகம் வெளிறிப்போனது. ஒச்சம்மாள் தன் விரல்களை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். முத்திருளன் ஆசுபத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்ததை நினைத்தாள். அடுத்த கணமே அந்த இடத்தில் சங்கிலியைத்தான் பார்த்தாள்.

"இது நமக்குள்ள இருக்கட்டும்மா" என்றார் கருத்தக்கண்ணன் மெல்ல. "சரி பண்ணி சிப்ப மாத்திட்டு வந்துருவோம். சர்வீஸ்னு சொல்லிக்கிருவோம்."

ஒச்சம்மாளுக்கு முதலில் சரி செய்யவேண்டும். அன்றைக்குச் சங்கிலிக்கு இரண்டாம் ஷிப்டு. மில்லுக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் ஃபிட்டரையெல்லாம் போனுக்குக் கூப்பிட முடியாது என்று ஆபீஸ்காரன் வைத்துவிட்டான். சங்கு ஊதியபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவன் முழுதாக வந்தான். நாளைக்கு?

வீட்டில் அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சீக்கிரம் சரி பண்ணு. அதுவரைக்கும் நான் போகலன்னா வேற எவனையாவது ஏழாம் ஃபிரேமுக்கு அனுப்புவாங்க" என்றான். நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்களோடுதான் குடும்பம் நடத்துவது கஷ்டம்.

முதலில் செய்த வைத்தியம் பிசகியது. தாய்ப்பெட்டி பூட்டைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து உத்தரவு போய்ச் சேருகிறவரை வேறு எந்தச் சேதியையும் உள்ளே விடாமல் கதவை அடைத்தாள். சின்னப் பெட்டியிடமிருந்து 'சரி' வந்தால்தான் கதவு திறக்கும். அந்தச் 'சரி'யும் கதவுக்கு வெளியே நின்றது. இது அதற்காகவும் அது இதற்காகவும் காத்துக்கொண்டு எல்லாப் பெட்டிகளும் செத்துக் கிடந்தன. கருத்தக்கண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒச்சம்மாளுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நின்றுபோன மெஷின் யார் விரலையும் எடுக்காது.

பிறகு பொறுமையாக எழுதினாள். பூட்டைப் பார்ப்பதும் உத்தரவை வரிசையில் வைப்பதும் ஒரே மூச்சில் நடக்கும். அந்தச் சின்ன நேரத்துக்கு மட்டும் கதவு அடைப்பு. பூட்டு வந்தால், அந்த ஃபிரேமுக்கென்று வரிசையில் நிற்கிற 'ஓடு' எதுவாக இருந்தாலும் முதலில் கிழித்துப் போட வேண்டும். ஃபிரேமில் இருக்கிற சின்னப் பெட்டி தன் ரிலேயைத் தானே துண்டித்துவிட்டு, இனி எந்த உத்தரவும் வாங்கமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் விளக்கு எரியும். கேபிளை மெதுவாக்கினாள், நெருக்கினாள், நூறு விதமாகச் சேர்த்து அமுக்கினாள். ரிலே விழவில்லை. ஆனால் பழைய புரோகிராமிலும் முதலில் இதே மாடியில் ரிலே விழாமல்தானே இருந்தது?

மறுநாள் கருத்தக்கண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, புதுச் சிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு போனாள். சங்குக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது முதல் ஷிப்டுக்காரர்கள் ஃபிரேம்களை நிறுத்தி பாபின் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி ஏழாம் ஃபிரேம் பக்கத்தில் நின்றான். இரண்டு கையும் இருந்தது.

சிப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஃபிட்டர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன தாயி மாத்துறீக?" என்று ஒருவர் கேட்டார்.

"சர்வீஸ்தாண்ணே" என்று முந்திக்கொண்டார் கருத்தக்கண்ணன்.

ஒச்சம்மாள் எழுந்து நின்றாள். இங்கே பொய் சொன்னால் இவர்கள் நாளைக்கும் எதை நம்ப வேண்டும், எதை நம்பக் கூடாது என்று தெரியாமல்தான் கையை விடுவார்கள்.

"சர்வீஸ் இல்லண்ணே. வெளக்கு பொய் சொல்லியிருக்கு. நான் எழுதுனதுலதான் தப்பு. முத்திருளன் அண்ணன் பூட்டிட்டுத்தான் கைய வச்சாரு. சங்கு நேரத்துல ரெண்டு பேரும் சேந்து அமுக்குனா, பூட்டுனதுக்கு அப்புறமும் ஓடியிருக்கு."

மேனேஜர் ஆங்கிலத்தில் கோபப்பட்டார். காளை சுவரோரம் போய் அப்படியே குந்திவிட்டார். அவர் அமுக்கிய ஸ்டார்ட்தான் அது. தன் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப சரியாயிருச்சா இல்லையா?" என்றார் மேனேஜர் கடைசியில். "சங்கு ஊதப் போகுது. மெஷின் ஓடணும்."

"சரியாயிருச்சு சார்."

"அப்ப யாராவது பூட்டிக் கைய வையுங்கப்பா. பாத்துருவோம்."

ஃபிட்டர்கள் ஓரடி பின்னால் போனார்கள். ஒரு கட்டையை விட்டுப் பார்க்கலாம் என்றார் கருத்தக்கண்ணன். "கட்டைக்கு வலிக்காது சார்" என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர் சொன்னதும் சரிதான். கட்டையை வைத்து அவர்கள் நம்பமாட்டார்கள்; நம்பாவிட்டால் நாளைக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒருவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஒருவன் இப்போதே முன்னால் வந்துவிட்டான். "நான் வைக்கிறேன் சார்" என்றான் சங்கிலி, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே.

ஒச்சம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்தவள் திடுக்கிட்டாள். உள்ளங்கை தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல நனைந்திருந்தது. விரல்கள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன. மணிக்கட்டில் நாடி தெறித்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"என்ன மாமா இது?"

அவன் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "முத்திருளனுக்கு அடிபட்டதுலருந்து தெனமும் இப்படித்தான் புள்ள. ஒன்கிட்ட காட்டுனா நீ ஒடஞ்சுபோயிருவ."

இத்தனை நாளும் பயமே இல்லாதவன் என்று இவனை நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தாளே. கண்ணாடி வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். "நான் எழுதுனது. நான்தான் வைக்கணும்" என்று சொல்லி ஏழாம் ஃபிரேமின் தலைப்பக்கம் போய் நின்றாள்.

"ஏய், என்ன பண்ணுற?"

"காளை அண்ணே, நீங்க போயி ஸ்டார்ட்ல வெரல வையுங்க. சங்கு ஊதவும் அமுக்கணும். யாராச்சும் அமுக்குனாத்தான் தெரியும்."

காளை எழுந்திருக்கவில்லை. "என்னால ஆகாது தாயி. என்னக் கொன்னுபோட்டாலும் இனிமே ஆகாது" என்றார். மேனேஜரைப் பார்த்தாள், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஃபிட்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பொம்பளை கையை வைத்திருக்கும்போது அந்தப் பொத்தானை அமுக்க அங்கே ஆள் இல்லை.

ஒச்சம்மாள் திரும்பினாள். "நீங்க போங்க மாமா."

"நானா?"

"வெரல நழுவவிட்டுராதீக. சங்கு ஊதவும் நிச்சயமா அமுக்கணும். எனக்காகப் பிந்தி அமுக்குனா, நாளைக்கு ஒங்க கை போகும்."

சங்கிலியின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. சூப்பர்வைசர் அறைக்கு நடந்தான். கண்ணாடி ஜன்னல் வழியாக அவன் தலை மட்டும் தெரிந்தது. ஒச்சம்மாள் இடது கை விரலைச் சிவப்புப் பொத்தான் மேல் வைத்தாள். வலது கையைப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் தயாராக வைத்தாள். எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. எழுதியதை மனசுக்குள் ஒரு முறை வரிவரியாக ஓட்டிப் பார்க்க முயன்றாள். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

சங்கு ஊதியது.

அமுக்கினாள். விளக்கு எரிந்தது. கையை உள்ளே விட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் சங்கிலியின் தோள் ஒரு முறை குலுங்கியது. அமுக்கிவிட்டான். ஹாலின் அந்தக் கோடியில் முதல் ஃபிரேம் உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. மூன்றாவது. சத்தம் ஒவ்வொன்றாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான்காவது ஓடியபோது தரை அதிர்ந்தது. ஐந்தாவது ஓடியபோது கூட்டத்தில் யாரோ "ஆத்தா, எடுத்துரு தாயி" என்று கத்தினார்கள். எடுக்கவில்லை. ஆறாவது அவள் முதுகுக்குப் பின்னால் கிளம்பியது. அந்தக் காற்று அவள் சேலையைத் தொட்டது. அடுத்தது இது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பல்சக்கரம் விரல்களுக்கு நடுவே சில்லென்று இருந்தது.

எட்டாவது ஃபிரேம் ஓடத் தொடங்கியது.

கண்ணைத் திறந்தாள். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாவது மட்டும் சும்மா நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபிட்டர்கள் விசில் அடித்தார்கள், கருத்தக்கண்ணன் எதையோ சொல்லிக் கையைத் தட்டினார். இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கையை எடுக்க வேண்டும் என்பதே மறந்துபோய் நின்றாள்.

சங்கிலி அறையிலிருந்து வந்தான். ஓடி வரவில்லை. தண்ணிபோட்டவன்போல ஒவ்வொரு ஃபிரேமாகப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தான். முகம் சாம்பலாக இருந்தது. அவள் கையைப் பிடித்துச் சக்கரத்துக்குள்ளிருந்து மெதுவாக வெளியே எடுத்தான். அவள் காதோரம் குனிந்து, இரைச்சலுக்கு மேலே கேட்டான்.

"இத்தன நாளும் ஊட்டுல நீ இப்படித்தான் இருந்தியா?"

ஒச்சம்மாள் ஆமென்று தலையை ஆட்டினாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த எண்ணெய்க் கையை விரித்துவைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான் சங்கிலி. ஐந்தையும் தொட்டு முடித்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.